சீசாவில் இருந்த கண்ணீர்

அமைதியே அணியாக அவையை ஆளும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே, அழுவதற்கென்றே கைக்குட்டையோடு வந்திருக்கும் தாய்மார்களே, டிக்கெட் எடுத்தும் எடுக்காமலும் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் இந்த நாடகக் குழுவின் ஒப்பனைக்காரன், செயலாளரும் நானே. இருபத்தாறு ஆண்டுகளாகப் பூசி மெழுகுவதுதான் என் பிழைப்பு. இன்றைய நாடகம் நீங்கள் அறிந்ததே. அமைச்சன் அழுதுகொண்டே அரசியைப் பழிக்கிறான். அரசன் அதை நம்பி, குற்றமற்ற அரசியைக் கொல்கிறான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "அட மடையா, அவன் நடிக்கிறது தெரியலையா?" என்று அரசனைத் திட்டுகிறீர்கள். பவுடர் டப்பாவும் கையுமாகத் திரையோரம் நின்று நானும் திட்டியிருக்கிறேன்.

அமைச்சனின் கண்ணீர் எங்கிருந்து வருகிறது? நெஞ்சிலிருந்தா? நினைவிலிருந்தா? இதோ, என் கையிலுள்ள இந்தக் கிளிசரின் சீசாவிலிருந்து வருகிறது. கண்ணுக்கடியில் தடவினால் கல்லும் கதறும்.

சென்ற மாதம் ஒரு மாலை. முதல் காட்சியே அழுகை என்பதால் அமைச்சர் வேடக்காரருக்கு அப்போதுதான் தடவி முடித்தேன். அரசி வேடம் போடும் பெண் உள்ளே வந்தாள்.

"அண்ணே, காலையில அம்மா போயிட்டாங்க. இன்னைக்கு என்னால முடியாதுண்ணே."

அவள் கண்ணில் சொட்டு ஈரமில்லை. பக்கத்து நாற்காலியில் அமைச்சர் தேம்பினார். "பொய் சொல்றாண்ணே. வேற குழுவுக்குத் தாவப் போறா. நம்மள இப்படி நட்டாத்துல விடுறாளே, மனசு தாங்கல." அரசி வேடத்தின் மீது அவருடைய மைத்துனிக்கு நெடுநாள் ஆசை என்பது எனக்கும் தெரியும்.

நான் யாரை நம்பினேன்? சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் என் விரலால் நானே தடவிய கண்ணீரை நம்பினேன் ஐயா. அவளை அப்போதே குழுவிலிருந்து நீக்கினேன். மைத்துனி அரசியானாள், பாதி வசனத்தை மறந்தாள் என்பது வேறு விஷயம்.

மறுநாள், பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க அவள் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. சுருட்டி வைத்த மெத்தை, பாதி தீர்ந்த மருந்துப் புட்டிகள். அவள் தாயின் உடைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"துவைச்சு வச்சாத்தான்ணே யாருக்காவது குடுக்கலாம்" என்றாள். அப்போதும் கண் காய்ந்தே இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நான் அழுதிருந்தா நம்பியிருப்பீங்களாண்ணே?"

அரசனை மடையன் என்று திட்டிய இதே வாய்தான் அவளைக் குழுவிலிருந்து நீக்கியது. வெட்கமாக இருந்தது.

அமைச்சர் எங்கே என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். திரைக்குப் பின்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறார், தம்பி. சீசா என் கையில் இருக்கிறது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆம், இன்று அவளே அரசி. ஐந்து முறை படியேறிக் கெஞ்சியபின் வந்திருக்கிறாள். ஒரே நிபந்தனை: அவள் கண்ணருகே இந்தச் சீசா வரக்கூடாது. கடைசிக் காட்சியில் "நான் குற்றமற்றவள்" என்று வறண்ட கண்ணோடுதான் சொல்வாள். நம்புவீர்களா? அரசன் நம்பமாட்டான், அவனுக்கு எழுதிய வசனம் அப்படி. உங்களுக்கு யார் எழுதித் தந்தார்கள்?

பொறுத்துக் கேட்டமைக்கு நன்றி. உள்ளே காத்திருக்கும் அந்தத் தங்கைக்கு, உங்கள் அனைவர் முன்னிலையிலும், என் வணக்கம். திரை விலகட்டும்.