ஒரு முனை மட்டும் பதியவில்லை

கணினியில் நினைவகம் கூட்டுவது பெரிய வித்தையில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, பட்டையைப் பள்ளத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்தினால் முடிந்தது. கனடாவின் தண்டர் பே நகரத்தில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு.

அண்ணன் வெய்க்கோவுக்கு நரம்பு நோய். கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாக நின்றுபோய், கடைசியில் கண் மட்டும் மிஞ்சியது. அவன் கண் திரையில் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைப் பிடித்து, சொல்லாகக் கோத்து, கணினி உரக்கப் படிக்கும். சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாதவன், கண்ணாலும் ஓயவில்லை. "செப்போ, வயித்துக் குழாயில கஞ்சி ஊத்துறியா, சிமென்ட் ஊத்துறியா?" என்று அந்த வறண்ட குரல் என்னைக் கேட்கும். காபி குடிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஜனவரியில் ஒரு நாள், "ஆன்னிக்காகிட்ட போறேன். உன் மூஞ்சியப் பாத்தது போதும்டா," என்றது கணினி. ஆன்னிக்கா அவன் மகள், தூரத்தில் கால்கரி நகரத்தில் இருக்கிறாள். அவன் விருப்பத்தை அவன் சொல்லாலேயே கேட்டுப் பதிவு செய்ய மருத்துவமனையிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் கணினியின் மந்தத்தைச் சரிசெய்யச் சொன்னதும் அவன்தான்.

செவ்வாய் மதியம் புதுப் பட்டையைப் போட்டேன். திரை கறுப்பாகவே நின்றது, மூன்று முறை பீப் அடித்தது. பத்து நிமிஷத்தில் காரணம் தெரிந்துவிட்டது. பட்டை உட்காரும் அந்தத் தாய்ப்பலகையில் கொக்கி ஒரு முனையில்தான் உண்டு. அது 'டக்'கென்று மாட்டியதும் முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன், மறுமுனை நூலளவு தூக்கி நின்றது. அது நிஜமாகவே கைப்பிசகு. அழுத்தப் போனேன். அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"பலகையே போயிருச்சு போல, அண்ணா. டொரண்டோவுக்குப் புதுசு கேட்டுச் சொல்லியிருக்கேன், வரட்டும்," என்றேன்.

அவன் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் சாயங்காலம் கட்டிலருகே அதைத் திறந்து வைத்துப் பழுது பார்த்தேன். பட்டையை இடம் மாற்றினேன், அழிரப்பரால் துடைத்தேன், சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அந்த முனையை மட்டும் தூக்கியே வைத்தேன். வெய்க்கோவின் கண் நேராக அங்கே போய் நிற்கும். பிறகு என் முகத்துக்கு வரும். நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். கண்ணீர் வந்தால் துடைத்தும் விட்டேன். எழுத்தைக் காட்டிப் பேசும் அட்டை ஒன்றும் வீட்டில் இருந்தது. அதை நிலவறையில் வைத்துவிட்டேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஃபின்லாந்துக்கார வீடுகளில் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் மரியாதை. வந்தவர்கள் காபி குடித்தார்கள், அவனோடு சேர்ந்து பனியைப் பார்த்தார்கள், போனார்கள்.

மருத்துவமனைப் பெண் சொன்ன நாளில் வந்தாள். "தம்பிகூடவே இருக்கப் பிரியமா உங்களுக்கு?" என்று குனிந்து கேட்டாள். வெய்க்கோ கண்ணை இறுக மூடினான். எங்கள் வீட்டில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம்.

"தூக்கம் வருதுங்க அவனுக்கு. இந்நேரத்துக்கு இப்படித்தான்," என்றேன்.

அவள் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்னிக்கா கூப்பிடுவாள். போனை அவன் காதில் வைப்பேன். "சித்தப்பா, அப்பா கேக்குறாரா?" என்பாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்மா. சிரிக்கிறான்." அவனால் சிரிக்க முடியாது. ஆனால் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். மூச்சு முட்டுகிறது என்று முந்தின நாளே சொல்லியிருப்பான், சொல்ல வழியிருந்தால். கண்ணை உருட்டி உருட்டி என்னையே பார்த்தான். புரிந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடக்கம் முடிந்து, அப்பாவின் பழைய பேச்சு ஏதாவது அதில் இருக்குமா என்று ஆன்னிக்காதான் கணினியைத் திறந்தாள். தூக்கி நின்ற முனையைப் பார்த்தாள், கட்டைவிரலால் அழுத்தினாள். திரை வந்தது. அவள் நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களுக்குத்தான் போன் செய்தாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். நாற்பத்தொரு நாளும் அவன் வாயைக் கட்டி வைத்தது நான்தான். ஆனால் ஒன்று. பிறந்ததிலிருந்து நாங்கள் அடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. அந்த நாற்பத்தொரு நாளில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டைகூட வரவில்லை.