தாய்மாமன் இழுவை

பொங்கலூரிலிருந்து திருப்பூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் பனியன் கம்பெனி முதலாளி. இன்னொருத்தர் அவர் சம்சாரத்தின் தம்பி. அந்தக் கம்பெனித் துணியைத் தைத்துக் கொடுத்துத்தான் இந்தத் தம்பியின் பிழைப்பு ஓடுகிறது என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கிட்டத்து உறவு காந்தமாட்டம் இழுக்குதாமா, மாப்பிள்ளை," என்றார் முதலாளி.

"யாருங்க மாமா சொன்னது?"

"நம்ம பையந்தான். காலேஜ்ல ஆராய்ச்சி. பௌதிகத்துல இருக்கற கணக்கை எடுத்துத் தொழிலுக்குப் போட்டுப் பாத்திருக்கறான். சொந்தக்காரங்களுக்கு வேலை குடுத்தா, இழுத்த இழுப்புல கம்பெனியே சாஞ்சிருமாமா."

"இதைச் சொல்றதுக்கு ஒரு காலேஜுங்களா?"

"அதனால, அடுத்த மாசத்திலிருந்து தையலை வெளியாளுக்குக் குடுக்கலாம்னு இருக்கறேன்."

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார்.

"எம்மடியில வெச்சுத்தானுங்க அவனுக்குக் காது குத்துனது. அன்னிக்கும் தூரத்தை அளந்துட்டா உக்காந்தான்?"

"கோவிச்சுக்காத. ஆராய்ச்சி அப்படிச் சொல்லுது."

"செரிங்க. படிப்பு முடிச்சு அவன் எங்கீங்க வேலைக்குப் போறான்?"

"வெளிய எதுக்கு? நம்ம கம்பெனிக்கே மேனேஜரா வந்தர்றான்."

கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாப்பிள்ளை எழுந்துபோய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். அங்கிருந்து பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இப்ப இழுவை கொறைஞ்சிருக்குதான்னு மேனேஜரைக் கேட்டுச் சொல்லுங்க, மாமா."