மூன்று தடவை கொதித்த துணி

— மாடிக் கொடியில வெள்ளையாத் தொங்குதே, இது பாப்பாவோட துணிதானே அப்பா? மூணு நாளா வீடு பூரா தேடுறேன். நீங்களும் கூடவே குனிஞ்சு கட்டிலுக்கு அடியில தேடுனீங்க.

— துணியா அது? ஒரு ஊரே குடியிருந்துச்சு கண்ணு. காஞ்ச பால், மூக்குச்சளி, பிஸ்கட் தூள், அதத் தேடி வந்த எறும்பு, அந்த எறும்பத் தேடி வந்த சம்பந்தி எறும்பு. முப்பத்திரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளரா இருந்தவன் நான். ஓட்டல் சமையல்கட்டுல செத்த எலிய வாலப் பிடிச்சுத் தூக்கியிருக்கேன். அங்கல்லாம் வராத வாந்தி உன் வீட்டு நடுக்கூடத்துல வந்துச்சு.

— என்ன பண்ணீங்க?

— திங்கக்கிழமை நீ கிளம்புனதும் கொதிக்கிற தண்ணியில போட்டேன். மூணு தடவை. முதல் தண்ணி காப்பி, ரெண்டாவது தார். மூணாவதக் கொட்டுறப்ப வாஷ்பேசினே மூக்கப் பொத்திக்கிச்சு. கடைசியா பிளீச்சிங் பவுடர். இப்பப் பாரு, கொக்கு மாதிரி இருக்கு.

— திங்கக்கிழமை. அன்னையிலேருந்துதான் அவ தூங்கல, தட்டத் தட்டி விடுறா, முடியப் பிச்சுக்கிறா. நேத்து காப்பகத்துல பக்கத்துக் குழந்தையக் கடிச்சிட்டா. டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க, அவ மனசுல ஏதோ அழுத்தமாம். வாயால சொல்லத் தெரியாததப் பல்லால சொல்றாளாம்.

— ஒண்ணே முக்கால் வயசுக்கு மன அழுத்தம். பாலக் குடிக்கணும், பாலக் கக்கணும், இருக்கிறதே ரெண்டு உத்தியோகம். இதுல எந்த மேலதிகாரி மெமோ குடுத்தானாம்?

— விளையாட்டு இல்லப்பா. நாளைக்கும் இப்படியே இருந்தா ஒரு மாசம் வீட்டுலயே வச்சுக்கங்கன்னுட்டாங்க. நான் வேலையில சேந்து பத்து நாள்தான் ஆகுது. லீவு கேட்டா, அப்படியே வீட்டுலயே இருந்துக்கம்மான்னுடுவாங்க. புது ரூமு, புது மொகம், பதினஞ்சு குழந்தைங்க கத்தல். அங்க அவளுக்குத் தெரிஞ்சது அந்தத் துணியோட வாசனை ஒண்ணுதான்.

— வாசனைன்னு சொல்லாத, மல்லிகைக்குக் கோவம் வரும். பழைய சாக்ஸ் வெங்காயத்தக் கட்டிக்கிட்டு ஈரத்துலயே குடும்பம் நடத்துன நாத்தம் அது. பக்கத்து வீட்டு நாய் ஒரு தடவை மோந்துச்சு, ரெண்டு நாள் குரைக்கவே இல்ல.

— அது என்ன துணின்னாவது தெரியுமா?

— தரை துடைக்கிறது. வேறென்ன?

— போன வருஷம் நான் டைபாய்டுல கிடந்தப்ப வந்து நாப்பது நாள் இருந்தீங்களே. நாப்பது நாளும் அவ உங்க நெஞ்சு மேலதான் தூங்குனா. நீங்க ஊருக்குக் கிளம்புன அன்னைக்கு அவ கத்துன கத்துல கூரை பிச்சுக்கலையேன்னுதான் ஆச்சரியம். கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு பனியன மறந்துட்டுப் போயிருந்தீங்க. துவைக்காத பனியன். அதப் போத்துனதும் அடங்கிட்டா. ஒரு வருஷமா இழுத்து இழுத்துக் கந்தலாக்கிட்டா, அதான் உங்களுக்கே அடையாளம் தெரியல.

— என் பனியனா?

— சாக்ஸும் இல்ல, வெங்காயமும் இல்ல. அது நீங்கதான்.

— நான் தினம் மூணு வேளை குளிக்கிறவன்.

— அதேதான். போன வருஷம் எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டதுல உங்களுக்குக் குளிக்கவே நேரமில்ல. இப்ப மருந்து சோப்பு போட்டுக் குளிக்கிறீங்க. அவளத் தூக்குறப்ப நடுவுல துண்டு வேற போட்டுக்கிறீங்க. வந்து ஒரு வாரம் ஆச்சு, நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியல.

— ம். ஆமா, அவ எங்க? சத்தமே காணோம்.

— இருங்க பாக்குறேன். அப்பா, இங்க வாங்க. மெதுவா. அழுக்குக் கூடையக் கவுத்துட்டா. உங்க நேத்துப் பனியன மூக்குல அமுக்கிக்கிட்டு அசந்து தூங்குறா.

— சீச்சீ, எச்சில் வேற ஒழுகுது. ஏய், அத உருவாத, இருக்கட்டும். எனக்கு அடுப்புல வெந்நீர் வச்சியே, அத அணைச்சிடு. வீட்டுக்கு ஒண்ணு, காப்பகத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பனியனாவது தேறணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் குளிக்கிறதா இல்ல.