பார்த்தால் பரவாது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் சங்கத்தின் மூத்தவர் அவர்களே, மருத்துவமனை வேலைக்கு நடுவே, கூப்பிட்ட குரலுக்கு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் கண் மருத்துவர் அம்மா அவர்களே, இந்தத் தொழிற்சாலையின் இரைச்சலை முப்பது ஆண்டுகளாகக் காதில் சுமக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் வீட்டு வேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, கறுப்புக் கண்ணாடிக்குள் குடியிருக்கும் என் தோழர்களே, கடைசி வரிசையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், இருபுறமும் காலி நாற்காலிகளோடு தனியாக அமர்ந்திருக்கும் எங்கள் பரிசோதனை அறை அக்கா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடைக்குப் பழகியவன் அல்ல. பரிசோதனை அறையில் காலை ஷிப்டில் வேலை செய்பவன். என் வேலை பார்ப்பது. மின்சுற்றுப் பலகையை ஸ்கோப் என்னும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, எங்கே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது. ஒரு நாளைக்கு நானூறு பலகை. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் எதைப் பார்க்காமல் விட்டான் என்பதைச் சொல்லவே இங்கே நிற்கிறேன்.

என் கையில் ஒரு தாள் இருக்கிறது. "பரிசோதனை அறைக்குக் கண்நோயைக் கொண்டுவந்தவரை அங்கிருந்து மாற்ற வேண்டும்" என்று நாம் கொடுத்த மனு. பதினேழு கையெழுத்து. இந்த மனுவைப் படித்த அன்றே அக்கா ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாளைக் காலை பத்து மணிக்கு மேலாளர் அதை ஏற்கப்போகிறார். தடுக்க முடியாதா என்று கேட்டேன். "உங்க ஆளுங்களே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டு, என்கிட்ட வந்து கேட்டா எப்படிப்பா?" என்றார். இந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால், தோழர்களே, அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் இடது கண் சிவந்தது. சனிக்கிழமை வலது கண்ணும் சிவந்தது. இமை வீங்கி, நீர் வடிந்து, காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டன. அடுத்த புதன்கிழமைக்குள் எங்கள் அறையில் இருபத்திரண்டு பேரில் பதினொரு பேருக்கு அதே கோலம். நாம் என்ன செய்தோம்? மருத்துவரைக் கேட்டோமா? இல்லை. மனிதரை ஒதுக்கினோம். அக்கா வந்தால் எல்லோரும் குனிந்தோம். அவர் நாற்காலியைச் சுற்றி யாரோ சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். யார் என்று தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கும் இப்போது கண் சிவப்புத்தான்.

நான் ஒன்று செய்தேன். எனக்கு எழுத்து வரும் என்பார்கள். அந்தச் சனிக்கிழமையே அட்டையில் பெரிதாக எழுதி அறை வாசலில் ஒட்டினேன். "பார்த்தால் பரவும்." இரண்டே சொல். பாவுக்குப் பா. எவ்வளவு அழகு. ஒலி நன்றாக இருந்ததால் உண்மை என்றே எல்லோரும் நம்பினீர்கள். எழுதிய நானும் நம்பினேன்.

யாரோ கை தூக்குகிறார்கள். எங்கள் அறை ரேடியோ அண்ணன். சொல்லுங்கள் அண்ணே.

"அப்ப பார்த்தா வராதா தம்பி?"

வராது அண்ணே. பார்த்தாலே வரும்னா, தினம் அறுபது சிவந்த கண்ணைக் கிட்டப் போய்ப் பார்க்கிற டாக்டரம்மாவுக்குத்தான் முதல்ல வரணும். இதோ உட்கார்ந்திருக்காங்க. கண்ணைப் பாருங்க. பளிச்சுன்னு இருக்கு.

"என் வீட்டுக்காரி பத்து நாளா என் மூஞ்சியவே பாக்கலப்பா."

அதுக்குக் காரணம் கண்வலி இல்லண்ணே. வேற ஏதாவது செஞ்சிருப்பீங்க.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. இனி சிரிக்க முடியாத இடம்.

நேற்று முன்தினம் மருத்துவர் அம்மா எங்கள் அறைக்கு வந்தார். யாருடைய கண்ணையும் முதலில் பார்க்கவில்லை. ஸ்கோப்பைப் பார்த்தார். கண்ணை வைத்து அழுத்துகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை விரலுறையோடு தொட்டார். பிசுபிசுத்தது.

"இதுல எத்தனை பேர் கண்ணை வைப்பீங்க?"

"மூணு ஷிப்டும்தான் டாக்டர்."

"நடுவுல துடைப்பீங்களா?"

"துடைப்போமே. லென்ஸை."

லென்ஸை. கேட்டீர்களா? பட்டுத்துணியால், பக்குவமாக, லென்ஸைத் துடைத்தோம். பலகை தெளிவாகத் தெரிய வேண்டுமல்லவா? கண் படும் ரப்பரை ஒருவரும் துடைத்ததில்லை. அக்காவின் முகத்தை ஏறெடுத்தும் பாராத நாம், அவர் கண் வைத்த அதே வளையத்தில் நம் கண்ணை வைத்து அழுத்தினோம். பார்வையை விலக்கினோம், பண்டத்தை விலக்கவில்லை. ஆளுக்கு அஞ்சினோம், அழுக்குக்கு அஞ்சவில்லை. பாதுகாப்புக்கு என்று சங்க அறையில் இருந்த ஒரே கறுப்புக் கண்ணாடியையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டோம்.

பிறகு மருத்துவர் இன்னொன்று கேட்டார். "அவங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில யாரு?"

அக்கா இரண்டாம் ஷிப்ட். அவருக்கு முன்னால் நான்.

அந்த வெள்ளிக்கு முந்தைய திங்கட்கிழமை என் கண் உறுத்தியது. மணல் விழுந்ததுபோல. லேசாகச் சிவந்தது. தூசி என்று சொன்னேன். சட்டைக் கையால் துடைத்தேன், கண்ணை வளையத்தில் வைத்தேன், நானூறு பலகை பார்த்தேன். நான்கு நாளில் சரியாகிவிட்டது. மறந்துவிட்டேன். மறந்தேனா, மறக்க விரும்பினேனா? இதை எனக்குள் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அட்டையில் எழுதும்போது ஒரு நொடி கை நின்றது. அது நினைவிருக்கிறது.

கொண்டுவந்தது அக்கா என்றீர்கள். அக்காவுக்குக் கொடுத்தது யார்? பெரும்பாலும் நான்தான் என்கிறார் மருத்துவர். எனக்குக் கொடுத்தவர் யாரோ ஒரு பேருந்துக் கம்பி, ஒரு கதவுப்பிடி. அவர்மேல் மனுக் கொடுப்போமா?

ஆகவே என் அட்டையைக் கிழித்துவிட்டேன். புதியது எழுதியிருக்கிறேன். இதில் எதுகை மோனை குறைவு, உண்மை கூடுதல். மருத்துவர் அம்மா வரிக்கு வரி திருத்தியது.

இது கை வழியே கண்ணுக்கு வருவது. ஆகவே கண்ணைக் கசக்காதீர்கள். சோப்புப் போட்டு அடிக்கடி கையைக் கழுவுங்கள். துண்டு, தலையணை உறை, கண்மை, கண்ணாடி, எல்லாம் அவரவருக்கு அவரவருடையது. ஒட்டிய இமையைப் பிய்க்காமல், கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால், மூக்குப் பக்கமிருந்து வெளியே துடையுங்கள்; ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பெரும்பாலும் இது கிருமிகளில் மிகச் சிறிய வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். சீழ் கெட்டியாக வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கான மருந்தை மருத்துவர் சொல்வார். ஒவ்வாமையால் சிவந்து அரிக்கும் கண்ணும் உண்டு, அது ஒட்டாது. எது எது என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

"எங்க வீட்ல போன வருஷத்து சொட்டு மருந்து இருக்கே" என்கிறார் முன்வரிசை அம்மா. கீழே கொட்டிடுங்கம்மா. மீந்த மருந்தும், பக்கத்து வீட்டு மருந்தும் வேண்டாம். சில சொட்டு மருந்து கண்ணையே கெடுத்துடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. தாய்ப்பாலும் விட வேண்டாம்.

கடுமையாக வலித்தால், வெளிச்சம் பார்க்கவே முடியாவிட்டால், பார்வை மங்கினால், கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால், பிறந்த குழந்தையாக இருந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். காத்திருக்காதீர்கள்.

தலைவர் அவர்களே, நிர்வாகத்திடம் சங்கம் இரண்டு கேட்க வேண்டும். ஆளுக்கொரு ரப்பர் வளையம். கண் சிவந்தவர் பயமின்றிச் சொல்லி, பழியின்றி வீட்டில் இருக்க விடுப்பு. மறைக்க வைப்பது பயம். பரப்புவது அந்த மறைப்பு. மறைத்தவன் சொல்கிறேன்.

மூன்றாவது, நிர்வாகத்திடம் அல்ல, உங்களிடம்.

இந்த மனுவில் என் பெயரை அடிக்கிறேன். இதோ. ஒரு கோடு. பதினாறு பெயர் பாக்கி. பதினாறு பேரும் இந்தக் கொட்டகையில்தான் இருக்கிறீர்கள்; எண்ணிவிட்டுத்தான் ஏறினேன். மேலே வாருங்கள். அவரவர் பேனாவோடு வாருங்கள். என் பேனாவைத் தரமாட்டேன். இன்றைக்கு அது மரியாதைக் குறைவு அல்ல.

ரேடியோ அண்ணன் எழுந்துவிட்டார். பின்னால் நால்வர். மற்றவர்களும் வரிசையில் சேர்கிறார்கள். சாக்பீஸ்காரரும் வருகிறார், தலை குனிந்தபடி. நிமிர்ந்து வாங்கண்ணே. நிமிர்ந்தா ஒட்டாது.

அக்கா, பதினேழு கோடு போட்ட இந்தத் தாளை நாளைக் காலை பத்து மணிக்கு முன்னால் மேலாளர் மேசையில் வைப்பேன். உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். நான் தவறு செய்தேன். மன்னிப்புக் கேட்கிறேன், இத்தனை பேர் முன்னால், ஒலிபெருக்கியில்.

அக்கா கண்ணாடியைக் கழற்றுகிறார். கண் வெளுத்துவிட்டது, முழுதாகத் தெளிந்துவிட்டது. எல்லோரும் திரும்புங்கள். பன்னிரண்டு நாளாகப் பார்க்காமல் விட்ட அந்த முகத்தைப் பாருங்கள். பார்த்தால் பரவாது.

ஏதோ சொல்கிறீர்கள், அக்கா. கேட்கவில்லை. சத்தமாக.

"அந்தத் தாளை எங்கிட்ட கொண்டாடா தம்பி, நானே பார்க்கணும். ஆனா வரும்போது இந்தக் குழாயில கையைக் கழுவிட்டு வா."

வருகிறேன் அக்கா. பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. திரும்பிப் பார்த்த உங்கள் கண்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. கைகூப்பித்தான் விடைபெறுகிறேன், யாரும் கை கொடுக்க வேண்டாம். வணக்கம்.