வாசல் வழக்கு

கடப்பாரையை ஓங்கி இறக்கினாள் சால்வோர். பனிக்கட்டி சில்லுச் சில்லாய்த் தெறித்தது. பின்கதவு அசையவில்லை.

"சீக்கிரம், டாக்டரம்மா! வெளிச்சம் போகுது!" டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் க்ரானி கத்தினார்.

டிசம்பர். பிற்பகல் மூன்றரை. நம் ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் அந்த வேளைக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். கடலோரமாக ஒரே ஒரு சாலை. பனிச்சரிவு விழுந்து அதுவும் மூடிவிட்டது. இனி அந்த வீட்டுக்கு யாரும் வர முடியாது... கடலிலிருந்து வந்தால்தான் உண்டு.

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். கதவை ஏன் பார்க்கிறீர்கள்? காற்றுதான். இது நம் ஸ்டைனாரின் ஒன்றுவிட்ட அக்காவுக்கு நடந்தது. அவள்தான் சால்வோர். ரெய்க்யவிக்கில் கன்றுத்தோல் ஏடுகளைப் படித்துப் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, கண்ணையும் கெடுத்துக்கொண்டவள்.

அவளை வரவழைத்தது அவள் கூடப்பிறந்த அக்கா, ரான்வேய்க். பண்ணையில் தனியாக இருந்தாள். புருஷன் பௌர்துர் இலையுதிர் காலத்தில் நார்வேக்கு வேலைக்குப் போனவன். ஒரு போன்கூடக் கிடையாது. நவம்பரில் அவள் வீட்டுத் துறையிலிருந்து கிளம்பிய மீன்பிடிப் படகு மூழ்கியது. ஹெல்கி, கௌகுர், ஸ்வேய்ன். மூன்று உடல்களும் கிடைக்கவில்லை. கடைசியாக அவள் சமையலறையில் காபி குடித்துவிட்டுப் போனவர்கள்...

இருட்டினால் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

முதலில் ஈரக் காலடிகள் மட்டும். பிறகு வாடை. கடற்பாசியும் டீசலும் கலந்த வாடை. பிறகு அவர்களே. அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். பேச மாட்டார்கள். சொட்... சொட்... நெருப்பு சுருங்கும். ரான்வேய்க் இருமத் தொடங்கினாள். கைக்குட்டையில் வந்தது சளி இல்லை. உப்புத் தண்ணீர்.

"பண்ணைய வித்துட்டு எங்கூட வந்துடு அக்கா. செத்துடுவே!"

"மாட்டேன். இந்த மண்ணு இன்னொருத்தன் கைக்குப் போகக் கூடாது. நீ படிச்சவதானே, அவங்கள விரட்டு!"

நம் ஊர்ப் பிணங்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஜெபத்துக்கு அசையாது. சட்டத்துக்கு அசையும். பழைய ஏடுகளில் முறை இருக்கிறது. முன்வாசலில் நீதிமன்றம் கூட்ட வேண்டும். செத்தவனைப் பேர் சொல்லி அழைத்து, குற்றம் சொல்லி, சாட்சி வைத்து, தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு விழுந்தவன் எழுந்து பின்கதவு வழியாகப் போயே ஆக வேண்டும்.

அதற்குத்தான் கடப்பாரை.

"ஆயிரம் வருஷத்துச் சட்டம்," க்ரானி முனகினார். "பனி கொட்டினா போலீசே வர மாட்டான். பேய் வந்து கைகட்டி நிக்கப் போகுதாக்கும்!"

"நீங்க சாட்சி மட்டும் சொல்லுங்க அண்ணே. மத்தத நான் பாத்துக்கறேன்."

கதவு திறந்தது. இருட்டியது.

முன்வாசல் படியில் சால்வோரும் க்ரானியும். உள்ளே மூலையில், கம்பளிக்குள் சுருண்டு ரான்வேய்க். வாடை வந்தது. சொட்டும் சத்தம் வந்தது. அடுப்பைச் சுற்றிக் கறுப்பாக முதுகுகள்.

"ஹெல்கி! வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் இந்த வீட்டுக்குள் உட்கார்ந்தாய். உயிரோடு இருப்பவளின் உடம்பைக் கெடுத்தாய். சாட்சி உண்டா?"

"உண்டு," என்றார் க்ரானி. பல் தந்தியடித்தது.

"வெளியேறு!"

ஒரு முதுகு நிமிர்ந்தது.

"காபி நல்லா இருந்துச்சு," என்றது. பின்கதவு வழியாக இறங்கிப் போனது.

கௌகுர். அதே குற்றம். அதே தீர்ப்பு. "வெளிய குளிருமே..." என்றான். போனான்.

ஸ்வேய்ன் தொப்பியைத் தேடித் தலையில் வைத்துக்கொண்டு போனான்.

அடுப்பில் நெருப்பு குப்பென்று எழுந்தது. சால்வோர் அக்காவைப் பார்த்துச் சிரிக்கப் போனாள்...

அடுப்படியில் இன்னொருவன் இருந்தான்.

முதுகு காட்டி. இவனிடம் ஈரம் இல்லை. சொட்டவில்லை. வாடையும் கடல் வாடை இல்லை... புதிதாய்க் கிளறிய மண்.

"அக்கா, இது யாரு?"

ரான்வேய்க் கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

"அடுப்படியில் இருப்பவனே!" சால்வோரின் குரல் உடைந்தது. "வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல்..."

அசையவில்லை. மறுபடி சொன்னாள். அசையவில்லை.

பிறகு அது எழுந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பின்கதவு வரை நடந்தது. வெளியே போகவில்லை. கதவைத் தோளால் முட்டி, லேசாகத் தூக்கி, அந்தக் கதவு எப்படிச் சாத்தினால் சாத்துமோ அப்படிச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது. திரும்பி வந்தது. பார்க்காமலே கையை நீட்டி மேல் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தது. உட்கார்ந்தது.

க்ரானி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"டாக்டரம்மா... போதும். வழக்கை முடிச்சுக்கலாம். அந்தக் கம்பளிச் சட்டைய எனக்குத் தெரியும்."

சால்வோர் படித்த குற்றச்சாட்டு அவளுக்கே திரும்பக் கேட்டது. வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல். அந்தச் சட்டம் யாரையும் எழுப்பும். ஒருவனைத் தவிர.

"அக்கா... அத்தான் நார்வேல எந்த ஊர்ல இருக்காரு?"

அடுப்படியில் இருந்தவனின் சட்டைக் கையிலிருந்து மண் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது.

"சொல்லுக்கா."

ரான்வேய்க் நீண்ட நேரம் இருமினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் எடுத்தது நெஜம்தாண்டி," என்றாள். "அவரு போகல. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால இருக்காரு... செப்டம்பர்லேர்ந்து."