பேசாத சிஸ்டர்

ஐயோ, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல சார். கேட்டா பதில் சொல்றதில்ல, மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கறதில்லன்னு ஹெட் நர்ஸ்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களாமே. உண்மைதானே? அதான் இன்னிக்கு ஒழுங்கா உக்காந்து பேசறேன். திருந்திட்டேன்னு வெச்சுக்கோங்க. நீங்களும் உக்காருங்க.

அப்பாவையா? பாக்கலாம், பாக்கலாம். கட்டிலச் சுத்தி ஸ்கிரீன் போட்டிருக்கு. ஆயாம்மா ஷேவ் பண்ணி விடறாங்க. எம் மகன் வர்றதுக்குள்ள மழிச்சு விடும்மான்னு நேத்தே எங்கிட்ட கேட்டாரு. எனக்கு எங்க நேரம்?

நர்ஸ் வேலைன்னா என்னன்னு நெனச்சீங்க? வருஷத்துல ஒரு நாள் எங்களத் தேவதைன்னு சொல்லிக் கேக் வெட்டுவாங்க. நாங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள டாக்டருங்க தின்னு முடிச்சிருப்பாங்க. மத்த நாளெல்லாம் ஏம்மா, ஃபேன் சுத்தலம்மா, டிவி தெரியலம்மா. ஃபேனுக்கும் ஊசி போட்டாத்தான் சுத்தும்போல.

ஜுரம் எவ்வளவுன்னு கேட்டாக்கூட டாக்டரக் கேளுங்கன்னுதான் நாங்க சொல்லணும். தெர்மாமீட்டர் வெக்கறது நானு, சொல்றது அவரு. நல்லதோ கெட்டதோ அவர் வாயாலதான் வரணும், இங்க அப்படி ஒரு சட்டம். நிமிந்து பாத்தா எங்க மூஞ்சியிலயே கண்டுபிடிச்சிடுவீங்க இல்ல, அதான் உம்முன்னு இருந்து பழகிட்டோம். வீட்டுலயும் அப்படியே ஆயிப்போச்சு. சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட டாக்டரக் கேளுங்கன்னு சொல்லுவியாடின்னு எம் புருஷன் கிண்டல் பண்றாரு.

உங்கப்பாகிட்ட மட்டும் இந்த உம்மணாமூஞ்சி பலிக்கல சார். கண்டக்டரா இருந்த மனுஷனாச்சே. ஊசி போட்டு முடிச்சா ரைட்டும்பாரு. ஸ்கேன் எடுக்கக் கட்டிலத் தள்ளிட்டுப் போனா, உள்ள எடம் இருக்கு ஏறிக்கோங்கன்னு பக்கத்து பெட்காரரக் கூப்பிடுவாரு. நீங்க பாத்தப்பல்லாம் நான் சிரிப்பத்தான் அடக்கிட்டு இருந்திருப்பேன்.

டீ எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான், நாந்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். குடிங்க, ஆறிடும். தங்கச்சி பக்கத்துலதானே இருக்காங்க? ஒரு போன் போட்டு வரச் சொல்லிடுங்களேன். சும்மாதான். அவரும் பொண்ணப் பத்திக் கேட்டுட்டே இருந்தாரு.

எனக்கு இன்னிக்கு வேலையே இல்லையான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. வேற எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. நர்ஸு உங்களத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடறாளா, கவலையே படாதீங்க, உங்க ஆளுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த மருந்து, அடுத்த ஊசின்னு ஓடிட்டிருக்கா. அவளே வந்து பக்கத்துல உக்காந்து, டீயும் வாங்கிக் குடுத்தான்னா...

ம். ஆமா சார்.

நான் சொல்லக்கூடாது. டாக்டர் வந்து பாத்துட்டாரு. அடுத்த வார்டுல அவசரம்னு கூப்பிட்டாங்க, முடிச்சிட்டு நேரா உங்ககிட்டதான் வருவாரு. அவர் நின்னுக்கிட்டேதான் சொல்லுவாரு. நீங்க எழுந்திரிக்காதீங்க, உக்காந்தே கேளுங்க.

கஷ்டப்படல சார். காலையில தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டு ரைட்டுன்னாரு. கிளாஸக் கீழ வெச்சிட்டு நான் திரும்பறதுக்குள்ள... அவ்ளோதான்.

ஷேவ் முடிஞ்சிருக்கும். நீங்க மெதுவா டீயக் குடிங்க. அப்புறம் நானே உள்ள கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு எனக்கு நேரம் இருக்கு.