தன்மேல் தானே பொருந்தும் சமன்பாடு

காபி ஆறுவதற்குள் குடித்துவிடு, இர்மேலா. ஸார்புரூக்கனில் மழை பிடித்தால் சீக்கிரம் விடாது. நீ கேட்டதற்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

உன் அப்பா ஃபோல்க்மாரும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கணினி தானாகத் தர்க்கம் செய்ய ஒரு முறை இருந்தது. சமன்பாடுகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் புதியவற்றை எடுக்கும்; சமன்பாட்டின் இரு பக்கங்களில் நீளமானதை எடுத்துவிட்டுச் சுருக்கமானதை வைக்கும். ஒருபோதும் திருப்பி வைக்காது. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கணினி சுற்றிச் சுற்றியே வரும். ஆனால் இதனால் ஒளிந்திருக்கும் முரண்பாடு ஏதாவது தப்பிவிடுமா? எதுவும் தப்பாது என்று நிரூபிக்க இருவரும் தனித்தனியாக முட்டிக்கொண்டிருந்தோம். அவன் முந்திக்கொண்டான். நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. நிரூபித்தவனுக்குத்தான் அது கிடைக்கும்.

நிரூபணத்தை வெளியே அனுப்புமுன் நண்பனிடம் கொடுத்து உடைக்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

"கருணையே காட்டாதடா ருடிகர். முடிஞ்சா ஒடச்சுக் காட்டு, பாப்போம்," என்று சிரித்தான். தன் சாசேஜ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான்.

நான் பலகையில் ஓர் உதாரணம் எழுதினேன். சில சமன்பாடுகள், உள்ளே ஒரு முரண்பாடு. ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு பொருத்திக் காட்டினேன். முரண்பாடு அகப்படாமலே முறை நின்றுவிட்டது. அவன் முகம் வெளுத்துப்போனது. அவற்றில் முதல் சமன்பாடு தன்மேல் தானே பொருந்தும். பொருத்தியிருந்தால் முரண்பாடு அடுத்த வரியிலேயே வெளிவந்திருக்கும். அவனுக்கு அது தோன்றவில்லை. கைக்குழந்தையான நீ காய்ச்சலில் கிடந்தாய்; அவன் பல நாள் தூங்கியிருக்கவில்லை. நான் எழுதிய எதிலும் பொய் கிடையாது. ஒன்றை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

"எத்தன வருஷம்டா, எல்லாம் போச்சே," என்றான். எனக்கு நிஜமாகவே வலித்தது. இன்றும் வலிக்கிறது.

மறுநாள் காலை கதவருகிலேயே நின்று கேட்டான்.

"அந்த மொத சமன்பாட்ட அதுமேலயே பொருத்திப் பாத்தியாடா?"

"பாத்துட்டேன். ஒண்ணும் வரல."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போனான். ஸார் ஆற்றிலிருந்து அவன் உடலை எடுத்தபோது அடையாளம் காட்டியதும் நான்தான். உன் அம்மாவால் பார்க்க முடியவில்லை.

அதே நிரூபணத்தைப் பிறகு என் பெயரில் வெளியிட்டேன். வேலையும் கிடைத்தது. முதல் பக்கத்தில், 'என் நண்பன் ஃபோல்க்மாரின் நினைவாக' என்று போடச் சொன்னேன். போடாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இர்மேலா. அவனுக்குச் சேர வேண்டியதை நான் மறைக்க விரும்பவில்லை.